தேய்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது?

பாலிஷ் மிஷினை முதல்முறையாகக் கையில் எடுப்பவர், மிஷினுக்கும் முன்பாக அதன் அடியில் இருக்கும் படலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் இன்றைய காரின் இரும்புத் தகட்டின்மேல் பெரும்பாலும் நான்கு அடுக்குகள் உண்டு. துருப்பிடிக்காமலிருக்க மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கும் அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான். அதற்கு மேல் பிரைமர் 30 முதல் 40 வரை. நிறம் தரும் பேஸ் கோட் 10 முதல் 20. எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட் 35 முதல் 50. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரான். நான்கையும் அடுக்கினால் ஓர் ஏ4 தாளின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அந்தத் தாளிலும் மிஷினில் மாட்டிய நம் பேட் தொடக்கூடியது மேலே உள்ள மூன்றிலொரு பங்கை மட்டும்தான். அதையும் முழுதாகத் தொட்டுவிட முடியாது. பாலிஷ் போட்டால் காரின்மேல் ஏதோ ஏறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஏறுவதில்லை, கழிகிறது. கழிந்தது திரும்ப வராது. ஆகவே கற்றுக்கொள்பவரின் பாதுகாப்பு கைத்திறமையைவிட, எவ்வளவு குறைவாகக் கழித்துவிட்டு நிறுத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது. மிஷின், பேட், காம்பவுண்ட் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால் எடைபோட முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கழிகிறது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் உண்டா? இது முந்நூறு ஆண்டுப் பழைய விவாதம். 1704இல் வெளிவந்த தமது ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் ஒரு பக்கம் நின்றார்: கண்ணாடியை மெருகேற்றும்போது அதிலுள்ள கீறல்கள் மறைவதில்லை, மேலும் மேலும் நுண்ணிய கீறல்களாக மாறி, கடைசியில் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி எதிர்ப்பக்கம் நின்றார். தேய்ப்பில் மேற்பரப்பே திரவம்போல் வழிந்து பள்ளங்களை நிரப்புகிறது என்பது அவர் கருத்து. 1937இல் பௌடனும் ஹியூஸும் செய்த சோதனை இதற்கு வலுச்சேர்த்தது. கற்பூரம் 178 டிகிரியில் உருகும். அதைக் கொண்டு தேய்த்தபோது, 70 டிகிரியை ஒட்டி உருகும் வுட் உலோகக் கலவை மெருகேறியது. கற்பூரத்தைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும் வெள்ளீயமும் காரீயமும் துத்தநாகமும் மசியவில்லை. உருகுநிலை முக்கியம் என்றால் அங்கே வெப்பம் வேலை செய்கிறது என்றுதானே பொருள். ஆனால் 1950களில் ஆஸ்திரேலியாவின் லெனர்ட் சாமுவேல்ஸ், மெருகேற்றிய உலோகப் பரப்புகளை நுணுகி ஆராய்ந்து, நுண்பரல்கள் மேற்பரப்பைச் செதுக்கி எடுக்கின்றன என்று காட்டிய பிறகு, உலோகத்தைப் பொறுத்தவரை தராசு நியூட்டன் பக்கம் சாய்ந்தது. காரின் கிளியர் கோட் உலோகமல்ல, பாலிமர். பாலிஷ் திரவத்தில் உள்ள அலுமினியம் ஆக்சைடு பரல்கள் அதைச் செதுக்குகின்றன. உராய்வின் சூடு அதை இளக்கவும் செய்கிறது. எனவே பழைய விவாதத்தின் இரு தரப்புமே நமக்கு எச்சரிக்கைகள்தான். செதுக்கல் மிஞ்சினால் படலம் மெலியும். சூடு மிஞ்சினால் படலம் கருகும்.

எதற்காக இந்த ஆபத்தை மேற்கொள்கிறோம்? தெருவிளக்கின் கீழோ வெயிலிலோ நிற்கும் கறுப்புக் காரைப் பாருங்கள். ஒளியின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் துடைத்ததால் வந்தவை என்று தோன்றும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால், விளக்கைச் சுற்றிய வட்டங்களாக அவை கூடித் தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, நேராக விழும் ஒளியில் அதன் மேற்பரப்பு திருப்புவது சுமார் 4 சதவீதம். கறுப்புக் காரில் நிறப்படலம் மீதி ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த 4 சதவீதம்தான் கண்ணுக்கு வரும் காட்சி முழுவதும். அதில் கீறல் சிதறடிக்கும் சிறு வெளிச்சமும் பளிச்சென்று உறுத்துகிறது. வெள்ளைக் காரில் நிறப்படலமே ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி வீசுவதால் அதே கீறல்கள் அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடுகின்றன. ஒரே அளவு சேதம், இருவேறு தோற்றம். ஆகவே வெள்ளைக் கார் வைத்திருப்பவர், கறுப்புக் காருக்குச் சொல்லப்பட்ட பாலிஷ் முறையை அப்படியே தம் காரில் செய்வது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நீக்குவதற்காகத் திரும்பக் கிடைக்காத ஒன்றைக் கொடுப்பதாகும். இதை நான் வீண் என்றே சொல்வேன்.

கொடுப்பது என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிளியர் கோட்டுக்குள் புறஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அடியிலுள்ள நிறத்தையும் பிரைமரையும் வெயிலிலிருந்து காப்பது அவற்றின் வேலை. ஒரு படலம் எவ்வளவு கதிரை வடிகட்டும் என்பது அதன் கனத்தைப் பொறுத்தது. கனம் குறையும்போது கசியும் கதிர் நேர்விகிதத்தில் கூடுவதில்லை, மடங்குகளில் கூடுகிறது. உதாரணத்துக்கு, 40 மைக்ரான் படலம் 1 சதவீதக் கதிரைக் கசியவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே படலம் 30 மைக்ரானாக மெலிந்தால் கசிவு 3 சதவீதத்தைத் தாண்டும். 20 ஆனால் 10 சதவீதம். பாதி கனம் போனதும் பத்து மடங்கு கசிவு. பானெட்டிலும் கூரையிலும் கிளியர் கோட் வெளுத்துச் செதில்செதிலாக உரிந்து நிற்கும் கார்களை நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கிறோம். வெயில்தான் முதல் காரணம். ஆண்டுதோறும் ‘ரப்பிங்’ போட்டு மெலியவைத்த படலம் அந்த வெயிலுக்கு வெகு சீக்கிரம் தோற்கும்.

இனி மிஷினுக்கு வரலாம். 1927இல், தட்டைக் கண்ணாடியை மெருகேற்றும் இயந்திரங்களை ஆராய்ந்த எஃப். டபிள்யூ. பிரஸ்டன் எளிய ஓர் உறவை முன்வைத்தார். ஓரிடத்தில் கழியும் கனம், அங்கே விழும் அழுத்தம், தேய்க்கும் வேகம், தேய்க்கும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கலைப் பொறுத்தது; பரலும் பேட்டும் எப்படிப்பட்டவை என்பதைக் குறிக்கும் ஒரு மாறிலி அதோடு சேரும். இன்று கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் தகடுகளைச் சமப்படுத்தும் தொழிற்சாலைகளும் இந்த உறவிலிருந்தே தங்கள் கணக்கைத் தொடங்குகின்றன. காருக்கும் இது பொருந்தும். ரோட்டரி மிஷினில் பேட் ஓர் அச்சில் நேராகச் சுழல்கிறது. 150 மில்லிமீட்டர் பேட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 12 மீட்டர் வேகத்தில் ஓடும். நடுமையத்தில் வேகம் பூஜ்யம். டூயல் ஆக்‌ஷன் மிஷினில் பேட் ஒரு சிறு வட்டத்தில் ஊசலாடுகிறது. கூடவே தன் போக்கில் மெதுவாகச் சுழல்கிறது. ஊசல் வட்டத்தின் விட்டம் 15 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 4000 ஊசல் என்றால், ஊசலால் வரும் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர்தான். அந்த மெல்லிய சுழற்சி இன்னும் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவே. உராய்வின் சூடும் அழுத்தம், வேகம் இரண்டையும் பொறுத்தே எழுவதால் சூட்டிலும் ஏறத்தாழ இதே வித்தியாசம் இருக்கிறது.

வேகம் குறைவு என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புதியவர் டூயல் ஆக்‌ஷனில் தொடங்க வேண்டும் என்பதற்கு இதையே நான் முதன்மையாக வைப்பேன். டூயல் ஆக்‌ஷனில் பேட்டின் சுழற்சியை மோட்டார் நேரடியாகத் திணிப்பதில்லை. பேட் சாய்ந்தாலோ, ஒரு மடிப்பில் ஏறினாலோ, கை அளவுக்கு மீறி அழுத்தினாலோ சுழற்சி தானே நின்றுவிடுகிறது. பிரஸ்டனின் பெருக்கலில் ஓர் எண் ஆபத்தான அளவுக்கு உயரும்போது இன்னோர் எண் தானாகவே இறங்குகிறது. ரோட்டரியில் அப்படியில்லை, பேட் எங்கே ஏறினாலும் மோட்டார் அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழற்சி நிற்கும் நொடி கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதிகச் செலவில்லாத பாதுகாப்புக் கருவி இதுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: டூயல் ஆக்‌ஷனிலேயே சுழற்சியைப் பல்சக்கரத்தால் கட்டாயப்படுத்தும் வகையும் விற்பனையில் உண்டு. அது நிற்காது, ஆகையால் இந்தக் காவலும் அதில் கிடையாது.

மறுப்பு வரும்: தொழில் தெரிந்த பெயிண்டர்கள் ரோட்டரியில்தானே வேலை செய்கிறார்கள், நேரமும் பாதிதானே ஆகிறது? உண்மைதான். ஆழமான கீறலையோ, வாட்டர் பேப்பர் போட்ட தடத்தையோ எடுக்க ரோட்டரிக்கு ஈடு குறைவு. ஆனால் அந்தக் கைகள், பேட்டின் சத்தத்திலும் தகட்டின் சூட்டிலும் வரும் மாற்றத்தைக் கவனித்து அழுத்தத்தைத் தாமே குறைக்கப் பழகியவை. மிஷின் செய்யாததை அந்த மனிதர் செய்கிறார். அந்தப் பழக்கம் வருவதற்கு முன் ரோட்டரியைத் தம் காரில் வைப்பவர், கற்கும் செலவை மைக்ரானில் கட்டுகிறார். இன்னொன்று: ரோட்டரியின் கீறல்கள் ஒரே போக்கில் விழுவதால், வெயிலில் பார்க்கும்போது பட்டைபட்டையாக ‘ஹோலோகிராம்’ தடம் எழும், அதைப் போக்கப் பெரும்பாலும் டூயல் ஆக்‌ஷனைத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. ரோட்டரி கற்க விரும்புவோர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கதவையோ பானெட்டையோ வாங்கிவந்து, நிறம் வெளியே தெரியும்வரை வேண்டுமென்றே தேய்த்துப் பார்ப்பது நல்ல பாடம். எவ்வளவு சீக்கிரம் அது நடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவருக்கு வேறு எச்சரிக்கை தேவைப்படாது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: டூயல் ஆக்‌ஷனால் படலத்துக்கு எந்தக் கெடுதலும் வராது என்று. சுழற்சி நின்றாலும் ஊசல் நிற்பதில்லை, நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கரடான காம்பவுண்டும் மைக்ரோஃபைபர் பேட்டும் சேர்ந்தால் பிரஸ்டனின் மாறிலியே பெரிதாகிவிடும். இவற்றையெல்லாம்விட, விளிம்புகள் இருக்கின்றன. 150 மில்லிமீட்டர் பேட் சமதளத்தில் முழுதாகப் படிந்தால் ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டரில் விசை பரவும். அதே பேட்டை ஒரு சென்டிமீட்டர் அகல மடிப்பின்மேல் வைத்தால் தாங்கும் பரப்பு 15 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் பன்னிரண்டு மடங்கு. பேட்டின் நுரை அமுங்கிக்கொடுப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது, ஆனால் ஏறும். அதே மடிப்பில்தான் படலமும் மெல்லியதாக இருக்கிறது. பெயிண்ட் திரவமாக இருக்கும்போதே அதன் பரப்பு இழுவிசை கூரான விளிம்பிலிருந்து அதைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. காய்ந்த பிறகு அங்கே மிஞ்சுவது சமதளத்தைவிடக் குறைவு. அதிக அழுத்தமும் குறைந்த கனமும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. பானெட்டின் மடிப்புக் கோடு, கதவின் ஓரம், வீல் வளைவின் விளிம்பு இவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது இதனால்தான். டேப்புக்கு அடியில் இருக்கும் அரை விரற்கடை அகலத்தில் கிடக்கும் கீறல்களை அப்படியே விட்டுவிடலாம். எதிரே நிற்பவர் அவற்றைப் பார்க்கப்போவதில்லை.

பம்பருக்குத் தனி எச்சரிக்கை. இரும்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட்டுக்கு மேல். பம்பர் செய்யப்படும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்குக்கு 0.2 அளவுதான். இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். கதவில் எழும் சூட்டைத் தகடு சுற்றிலும் பரப்பிவிடும். பம்பரில் எழும் சூடு எழுந்த இடத்திலேயே தேங்கும். கதவில் ஒன்றும் செய்யாத அதே அழுத்தமும் நேரமும் பம்பரில் படலத்தைச் சுருக்கிவிடக்கூடும். அங்கே வேகத்தைக் குறையுங்கள், ஓரிடத்தில் நிற்காதீர்கள், இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பாருங்கள். புறங்கை பொறுக்காத சூடு படலத்துக்கும் ஆகாது. வெயிலில் நின்ற காரில் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதும் இதே கணக்குத்தான்: தகடு ஏற்கெனவே சூடேறிக் கிடக்கிறது, பாலிஷும் பரவுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். காலை நேரம், கூரை நிழல், ஆறிய தகடு.

அப்படியானால் கனத்தை அளந்துவிட்டே வேலை செய்யலாமே என்று தோன்றும். பெயிண்ட் கனமானி இன்று எளிதாகக் கிடைக்கிறது, வாங்கக்கூடியவர் வாங்கலாம். ஆனால் அது என்ன சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். காந்தத் தூண்டலாலோ சுழல் மின்னோட்டத்தாலோ இயங்கும் சாதாரணக் கருவி, உலோகம்வரை உள்ள மொத்தக் கனத்தைத்தான் காட்டும். அதில் கிளியர் கோட்டின் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 120 என்று காட்டும் இடத்தில் கிளியர் கோட் 45ஆகவும் இருக்கலாம், முந்தைய பாலிஷ்களில் மெலிந்து 25ஆகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையே செய்யாது. தவிர, மென்மையான பேட்டில் ஒருமுறை ஓட்டும்போது கழிவது ஓரிரு மைக்ரானோ அதற்கும் குறைவோதான். கருவியின் பிழை வரம்பே அந்த அளவு இருக்கும். ஆகவே இன்று எவ்வளவு கழித்தோம் என்பதை அதை வைத்து நிச்சயிக்க முடியாது. அதன் உண்மையான பயன் வேறு: ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது, பல நூறுகளுக்குப் போனால் அடியில் பட்டி இருக்கிறது, மற்ற இடங்களைவிடத் திடீரென்று குறைந்தால் யாரோ ஏற்கெனவே அங்கே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் அந்த இடத்தில் கையை வைக்குமுன் தெரிய வேண்டிய செய்தி.

கனமானி உதவாத இடத்தில் சோதனைச் சதுரம் உதவும். வேலையில் எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்ததாகப் படும் கட்டமும் இதுவே. காரை நன்கு கழுவி, கிளே தேய்த்து ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கை எடுத்து, உலர்த்திய பிறகு, பானெட்டில் இரண்டு சாண் சதுரம் ஒன்றைத் தேர்ந்து டேப்பால் எல்லை கட்டுங்கள். கையிலிருப்பவற்றில் மிக மென்மையான நுரைப் பேட், மிக நுண்ணிய பாலிஷ் இரண்டையும் எடுங்கள். பேட்டில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தை ஏற்றி, மிஷினின் எடையோடு கொஞ்சம் கை எடை சேர்த்து, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி, ஒவ்வொரு தடமும் முந்தியதில் பாதியை மூடும்படி குறுக்கும் நெடுக்கும் நான்கைந்து முறை ஓட்டுங்கள். துடைத்துவிட்டு உடனே பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி அதைத் தற்காலிகமாக மறைத்திருக்கும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயை எடுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கீறல்களில் பெரும்பகுதி போயிருந்தால் உங்கள் காருக்கு இந்த இணைதான் விடை. முழுக் காருக்கும் அதைத் தாண்டாதீர்கள். போகவில்லையென்றால் ஒரு படி மட்டும் கூட்டுங்கள். முதலில் பாலிஷை மாற்றுங்கள், பிறகு பேட்டை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். கிளியர் கோட்டின் கடினம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், இன்னொருவர் காரில் கிடைத்த விடை உங்கள் காருக்குப் பொருந்தும் என்று நம்ப வழியில்லை. பேட்டைப் பார்க்கவும் மறக்க வேண்டாம்: அதில் காரின் நிறம் ஒட்டியிருந்தால், ஒன்று உங்கள் காருக்குக் கிளியர் கோட்டே இல்லாத பழைய வகைப் பூச்சு, அல்லது கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. இரண்டில் எதுவென்றாலும் மிஷினை அணைத்துவிட்டு யோசிக்க வேண்டிய நேரம் அது.

நகத்தை லேசாக ஓட்டும்போது இடறும் கீறல், பாலிஷால் எடுக்கும் ஆழத்தைத் தாண்டியது என்று கொள்ளலாம். அதன் அடிமட்டம்வரை சுற்றுப்புறம் முழுவதையும் தாழ்த்தினால்தான் அது மறையும்; அதற்குள் படலத்தில் பாதுகாப்பு மிச்சமிருக்காது. அதன் ஓரங்களை மழுக்கி, ஒளி உறுத்தாமல் செய்துவிட்டு நிறுத்துவதே தக்கது. எல்லாக் கீறலும் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் தினமும் சாலையில் ஓடும் காரில், எண்பது விழுக்காடு நீங்கி இருபது தங்கியிருப்பது குறைபாடாகத் தெரியாது. அந்தக் கடைசி இருபதுக்காகக் கழிக்கும் படலம் முதல் எண்பதுக்குக் கழித்ததைவிட அதிகமாக இருக்கும்.

உடம்பின் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் விவாதத்துக்கு இடமில்லை. லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்த்த கூந்தல் எதுவும் சுழலும் பேட்டின் அருகே வரக் கூடாது. மிஷினின் ஒயரைத் தோளின்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். பேட் தகட்டில் படிந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும், நின்ற பிறகே தூக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று வேலை செய்வதாக இருந்தால், மின்கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பு கட்டாயம். கண்ணாடியும் முகமூடியும் வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றும், ஆகவே காற்றோட்டமும் வேண்டும். வைப்பரும் எம்பளமும் பேட்டின் விளிம்பில் சிக்கினால் பிய்ந்து பறக்கும்; அவற்றின் அருகே மிஷின் வேண்டாம், கையே போதும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் நியாயமானது: கீறல் திரும்ப வரத்தானே போகிறது, பிறகு எதற்கு இருக்கும் படலத்தைக் கழிப்பது? கீறல் எங்கிருந்து வருகிறது என்பதில் இதற்குப் பதில் இருக்கிறது. அடுக்குமாடிகளில் காலை நேரத்தில் கார்களை உலர்ந்த துணியாலோ, ஒரே வாளித் தண்ணீரில் மறுபடி மறுபடி நனைத்த துணியாலோ துடைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், மோஸ் அளவையில் 7; சாதாரண இரும்பைவிடக் கடினமானது, கிளியர் கோட் அதற்கு ஈடே இல்லை. அந்தத் துணி ஒவ்வொரு நாளும் ஒரு கரடான காம்பவுண்ட் பேட்டாக வேலை செய்கிறது, அதுவும் உயவுத் திரவம் இல்லாமல். இந்தத் துடைப்பு தொடரும்வரை மறுப்பாளர் சொல்வது முற்றிலும் சரி. பாலிஷ் போடுவதில் அர்த்தமில்லை, செராமிக் கோட்டிங்கும் அந்த மணலை நிறுத்தாது. முதலில் நீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்கிவிட்டு, ஷாம்பு வாளி ஒன்று, துணி அலச இன்னொரு வாளி என்று பிரித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒற்றி உலர்த்தும் முறைக்கு வீட்டில் எல்லோரும், காரைத் துடைக்க வருபவரும், மாறி இரண்டு மாதமாவது ஆகட்டும். அதற்குப் பிறகு டேப்பை எடுத்துச் சோதனைச் சதுரத்தைக் கட்டலாம்.